வேகவைத்தது மட்டும் கூடாது

கத்திரி வெயில் பிறந்துவிட்டால் எர்ணாவூர்ப் பக்கம் காக்காய்கள் கத்துவதை நிறுத்திவிடும். வாய் திறந்துதான் இருக்கும், ஆனால் அது மூச்சுக்கு. குடியிருப்பின் கைப்பிடிச் சுவர்களில் இறக்கையை லேசாக விலக்கி வைத்துக்கொண்டு, அலகைப் பிளந்து, கண்ணைச் செருகி உட்கார்ந்திருக்கும். கீழே நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் காலையிலிருந்து அதே இடத்தில் நின்றபடி தங்கள் பங்குக்கு அனலைக் கக்கும். மனிதர்களாவது ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு பொழுதை ஓட்டிவிடலாம். பறவைக்கு அந்த வசதியும் கிடையாது.

போதாக்குறைக்குத் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் செய்கிற காலம் என்று சித்திரை பிறந்ததும் அறுபத்தோரு நாள் விசைப்படகுகளைக் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். காசிமேட்டில் மீன் இறங்காது. மீன் இறங்காவிட்டால் குடல் இல்லை, செதில் இல்லை, தலை இல்லை. வருஷம் பூராவும் துறைமுகத்துக் கழிவைத் தின்று கொழுத்த காக்காயும் பருந்தும் அந்த இரண்டு மாதமும் குப்பையில் பிளாஸ்டிக்கைக் கிழித்துப் பார்த்துக்கொண்டு திரியும். மீனவனுக்கு நிவாரணம் என்று அரசாங்கம் ஏதோ கொடுக்கிறது. காக்காய் எந்த ஆபீசில் போய் மனு எழுதிப் போடும்?

நர்மதாவுக்கு இதெல்லாம் அந்த வருஷம்தான் கண்ணில் பட்டது. அதற்கு முந்தைய வருஷங்களில் தடைக்காலம் என்றால் புருஷன் வெற்றி வீட்டில் இருக்கிற காலம். காக்காயைப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்? இந்த வருஷம் அவன் இல்லை. போன வருஷம் தடை நீங்கி முதல் தடவை கடலுக்குப் போனபோது, ஆந்திரா பக்கம், விடிகிற நேரத்தில் வலை விடும்போது கயிறு காலைச் சுற்றி இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூடப் போனவர்கள் இரண்டு நாள் அந்தத் தண்ணீரையே சுற்றிச் சுற்றித் தேடினார்கள். தேடுதல் நடக்கிறது என்று அதிகாரிகள் ஒரு வாரம் சொன்னார்கள். பிறகு அப்படிச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள்.

உடம்பு கிடைக்கவில்லை. கிடைக்காததால் அவன் சாகவில்லை என்பது அவன் அம்மா மங்கம்மாவின் கட்சி. ஏதாவது கப்பல்காரன் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பான், பர்மாவில் ஜெயிலில் இருப்பான், பாஷை தெரியாமல் முழித்துக்கொண்டிருப்பான், வருவான். வெள்ளிக்கிழமை தவறாமல் மருமகளுக்குப் பூ வாங்கிவந்து அவளே தலையில் வைத்துவிடுவாள். நர்மதா கழுத்தில் தாலி கிடந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது. உள்ளுக்குள் அவள் என்ன நினைத்தாள் என்றால், அவளுக்கே தெரியாது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைக்கிற நேரம் மட்டும் அவன் உயிரோடு இருக்கிறான் என்று தோன்றும். அது போதும் என்று அன்றைய நாளைத் தள்ளிவிடுவாள். அவள் போய்க்கொண்டிருந்த இறால் உரிக்கும் கம்பெனிக்கும் தடைக்காலத்தில் பூட்டு. மாமனார் கோதண்டம் விடிந்ததும் காசிமேட்டுக்கு வலை பின்னப் போய்விடுவார், மாமியார் கருவாட்டுக் கூடையோடு திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள். அந்த இரண்டாம் மாடி வீட்டில் பகல் முழுவதும் நர்மதாவும் வெயிலும்தான்.

பக்கத்து வீட்டு எல்சிதான் ஆரம்பித்து வைத்தது. ராயபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஒரு பிளாஸ்டிக் கேனைப் பாதியாக அறுத்து எடுத்துவந்து நீட்டினாள்.

"இந்தா நர்மதா. எங்க ஃபாதர் பூசைல சொன்னாரு, வெயிலுக்கு பறவைங்களுக்கு தண்ணி வைங்கன்னு. நான் ஒண்ணு வெச்சிக்கினேன், இது உனுக்கு. சொம்மா மோட்டுவளைய பாத்துகினு குந்தினு கீறியே, இத்த பாத்துக்கோ."

நர்மதா தண்ணீரை ஊற்றிச் சுவரில் வைத்தாள். வைத்த கையோடு, காலையில் மிஞ்சிய சோற்றில் ஒரு பிடியைப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. மார்க்கெட்டிலிருந்து ஏறிவந்த மங்கம்மா கூடையைக் கூட இறக்காமல் நின்றாள்.

"இன்னாடி இது?"

"தண்ணி அத்த. காக்காக்கு. எல்சிக்கா குட்த்தாங்க."

"அது தெரியுது. பக்கத்துல இன்னா?"

நர்மதா பதில் சொல்வதற்குள் மங்கம்மா புறங்கையால் தட்டிவிட்டாள். சோறு கீழே பறந்தது.

"யாருக்குடி சோறு வெக்கிற? இந்த வூட்ல யார்டி செத்துட்டாங்க?"

"அய்யோ அத்த, வெயிலுக்குத்தான்..."

"தண்ணி வையி. தண்ணி வயில போறவனுக்கும் குடுக்கலாம், தப்பில்ல. நொய்யி வையி, கம்பு வையி, இன்னா வோணா வையி. வேகவெச்சது மட்டும் கூடாது. என் அடுப்புல வெந்த சோறு அந்த செவுத்து மேல ஏறக்கூடாது. சொல்லிட்டேன்."

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. முன்பெல்லாம் அமாவாசை தவறாமல் தலைக்கு ஊற்றிக்கொண்டு, புதுசாகச் சோறு வடித்து, ஈரத்தலையோடு அந்தச் சுவரில் வைத்து மாமனார் மாமியாரை நினைத்துக் காக்காயைக் கூப்பிடுகிறவள்தான் மங்கம்மா. வெற்றி போனதிலிருந்து நிறுத்திவிட்டாள். ஏன் என்று கோதண்டம் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"படைச்சா உங்கப்பன் வருவாரு, உங்கம்மா வரும். அந்த கும்பல்ல என் புள்ளயும் வந்து நின்னுட்டான்னா நான் இன்னா பண்ணுவேன்? வர்றானான்னு பாக்க எனக்கு தெகிரியம் இல்லய்யா" என்றாள்.

கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெற்றவர்களைப் பட்டினி போட்டுவிட்டு வலை பின்னப் போனார். ஆக, அந்த அடுப்பில் வெந்த சோறு காக்காய்க்குப் போகாத வரைக்கும் வெற்றி உயிரோடு இருந்தான். நர்மதா சுமங்கலியாக இருந்தாள். குடியிருப்பு முழுக்க இது தெரியும். கீழ்வீட்டில் இருக்கிற தேசம்மா, கோதண்டத்தின் தங்கை, ஒவ்வொரு அமாவாசையும் அண்ணாந்து அந்தச் சுவரைப் பார்ப்பாள். பத்து அமாவாசை சுவர் வெறுமனேதான் கிடந்தது.

நர்மதா தண்ணீரோடும் நொய்யோடும் நிறுத்திக்கொண்டாள். அதுவே பெரிய வேலையாகிப்போனது. காலையில் ஊற்றிய தண்ணீரில் மத்தியானத்துக்குள் அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஆடை கட்டிவிடும். கொட்டிக் கழுவி மறுபடி ஊற்ற வேண்டும். தண்ணீர் லாரியோ ஒருநாள் விட்டு ஒருநாள். குடத்துக்குக் குடம் சண்டை. அந்தச் சண்டையில் பிடித்த தண்ணீரைக் காக்காய்க்கு ஊற்றுகிறாளே என்று மூன்றாம் மாடிக்காரி ஜாடை பேசினாள். நர்மதா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தவிட்டுக்குருவி வந்தது, மைனா வந்தது, புறா வந்தது. காக்காய்களில் ஒன்று நொண்டி. இடது காலில் நைலான் நூல் இறுக்கி, ஒரு விரல் சூம்பிப் போயிருந்தது. துறைமுகத்துக் காக்காய்களில் பாதிக்கு இப்படித்தான் காலில் ஏதாவது வலை நூல் மாட்டியிருக்கும். நொண்டி தினமும் வந்தது. தண்ணீர் குடிக்கும், நொய்யை அலகால் கிளறும், பிடிக்காமல் நர்மதாவைப் பார்க்கும்.

"அது நொய்யி துன்னாது நர்மதா. மீனு துன்ன வாயி" என்றாள் எல்சி. "டீக்கட வர்க்கி நனைச்சு போட்டா துன்னும். வர்க்கி வெந்ததுல சேத்தியா? உங்க அத்தய கேளு."

நிஜமாகவே கேட்டார்கள். மங்கம்மா வெற்றிலையை மென்றபடி வெகுநேரம் யோசித்தாள்.

"அது கட அடுப்புல வெந்தது. நம்ம வூட்டு அடுப்புல வேகல. வெச்சிக்கோ."

எல்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மங்கம்மாவும் சிரித்தாள். பதினோரு மாதத்தில் அவள் சிரித்து நர்மதா பார்த்தது அது ஒன்றுதான்.

வைகாசியில் வெயில் இன்னும் ஏறியது. அன்றைக்கு விடியும்போதே லாரி வந்தது. நாலு குடம் சேர்த்துக் கிடைத்ததால் பத்து மணிவாக்கில் நர்மதா தலைக்கு ஊற்றிக்கொண்டாள். வேர்க்குரு தாங்கவில்லை, வேறு காரணம் ஒன்றுமில்லை. மங்கம்மா அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு பேச்சும் பேசாமல் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ஏன் என்று நர்மதாவுக்குப் புரியவில்லை.

கடலுக்குப் போகிற வீட்டில் யாரும் காலண்டரைப் பார்த்து அமாவாசை தெரிந்துகொள்வதில்லை. நீரோட்டம் எப்படி, எந்த மீன் படும், எப்போது புறப்படுவது என்கிற பேச்சிலேயே அது தெரிந்துவிடும். படகுகள் கட்டிக்கிடக்கிற காலத்தில் அந்தப் பேச்சு இல்லை. அந்த நாளின் பெயரை அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்வதும் இல்லை. அதனால் அன்றைக்கு அமாவாசை என்பது நர்மதாவுக்குத் தெரியாமலே போயிற்று.

உச்சிவேளையில் சுவரிலிருந்து தொப்பென்று சத்தம். நொண்டி வாசலுக்கு முன்னால் மாடி நடைபாதையில் விழுந்து கிடந்தது. ஒரு பக்க இறக்கை விரிந்து, கண்ணில் தோல் மூடி, அலகு திறந்தபடி. நர்மதா ஓடிப்போய் முந்தானையை நனைத்து அதன் அலகில் பிழிந்தாள். மேலே மற்ற காக்காய்கள் அடித்துக்கொண்டு கத்தின. கொஞ்ச நேரத்தில் அது தலையைத் தூக்கியது. தூக்கித் தூக்கித் தொங்கப்போட்டது. வர்க்கி இல்லை, டப்பா காலி. நொய்யைக் காட்டினாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே சட்டியில் பழைய சோறு இருந்தது.

அவள் தயங்கினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுப்பங்கரையில் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு ஜீவன் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கிறது. செத்துப்போகாதவனுக்காக அதைச் சாகவிடுவதா என்று நினைத்தாள். இரண்டு பிடி பிழிந்து எடுத்துவந்து சுவரில் வைத்து, நொண்டியையும் தூக்கிப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "துன்னு, துன்னு" என்றாள். அது தின்றது.

கீழே, குழாயடியிலிருந்து தேசம்மா அண்ணாந்து பார்த்தாள். அமாவாசை. உச்சிப்பொழுது. ஈரத்தலை. சுவரில் சோறு. காக்காய்.

முதலில் அழுகுரல்தான் மாடிப்படியில் ஏறிவந்தது. பிறகு தேசம்மா. அவள் பின்னால் ஏழெட்டுப் பெண்கள், கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு. நர்மதா யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வாசலுக்கு ஓடினாள். தேசம்மா அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"இப்பவாச்சும் உனுக்கு மனசு வந்துச்சேடி என் கண்ணு! பதினோரு மாசம் என் புள்ள சோறு தண்ணி இல்லாம அலைஞ்சானேடி!"

"சின்னத்த, இல்ல, காக்கா மயக்கம் போட்டு வியுந்துச்சு..."

"ஆமாண்டி, பசி மயக்கம்டி அவனுக்கு!"

"வெயிலுக்கு வெச்சேன் சின்னத்த! நான் சொல்றத கேளு, வெயிலுக்கு!"

யாரும் கேட்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் பிதற்றத்தான் செய்வாள் என்று அவளை அணைத்து அணைத்து அழுதார்கள். பதினோரு மாதமாக அந்தப் பெண்களின் தொண்டையில் நின்றிருந்த அழுகை. வெற்றி அவர்கள் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனுக்காக அழ இத்தனை நாள் அனுமதி இல்லாமல் இருந்தது. வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு பாடத் தொடங்கிவிட்டார்கள். யாரோ ஒருத்தியின் கை நர்மதாவின் தலையைத் தடவிப் பூ இருக்கிறதா என்று தேடியது. அன்று வெள்ளிக்கிழமை இல்லை, பூ இல்லை. எல்சி தன் வாசலில் நின்று, "யக்கா, அது மெய்யாலுமே வெயிலுக்கு வெச்சது யக்கா" என்று கெஞ்சினாள். "நீ வேதக்காரி, உனுக்கு தெரியாது, சும்மா கெட" என்று அவளை அடக்கினார்கள்.

மங்கம்மா வந்தபோது ஒப்பாரி உச்சத்தில் இருந்தது. படியில் அவள் தலையைக் கண்டதும் நின்றுபோனது. தலையில் கூடையோடு அவள் எல்லோரையும் ஒரு தரம் பார்த்தாள். தேசம்மா எழுந்து, "அண்ணி..." என்று கிட்டே போனாள். மங்கம்மா அவளைத் தாண்டி நேரே சுவருக்குப் போனாள். வெந்த பருக்கைகள் நாலைந்து வெயிலில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"யார் வெச்சது?"

"நான்தான் அத்த." நர்மதா முன்னால் வந்தாள். "காக்கா சுருண்டு வியுந்துடுச்சு. நொய்யி துன்னல. பயைய சோறு, ரெண்டு புடி. இன்னிக்கி இன்னா நாளுன்னு சத்தியமா எனக்கு தெரியாது அத்த."

அடி விழும் என்று எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மங்கம்மா கேட்டது வேறு.

"துன்னுச்சா?"

"அத்த..."

"துன்னுச்சாடி?"

"துன்னுச்சு."

மங்கம்மா கூடையை இறக்கி வைத்தாள். அப்படியே சுவரோரம் குந்தினாள். சண்டை போடுவாள், விளக்குமாற்றை எடுப்பாள், எல்லோரையும் விரட்டுவாள் என்று நர்மதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒன்றும் வரவில்லை.

"வூட்ல தண்ணி கீதா?" என்று கேட்டாள்.

மூன்று குடம் இருந்தது. மங்கம்மா குளியலறைக்குக்கூடப் போகவில்லை. நடைபாதையிலேயே, எல்லோர் கண்ணெதிரிலும், கட்டிய புடவையோடு ஒரு குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். சொட்டச் சொட்ட உள்ளே போய் உலை வைத்தாள். நெத்திலிக் கருவாட்டை அலசி வறுத்தாள். வெற்றிக்கு அது இருந்தால் வேறு குழம்பு வேண்டாம். நர்மதா பின்னாலேயே போய், "வோணாம் அத்த, சொன்னா கேளு அத்த, நான் தப்பு பண்ணிட்டேன், நீ பண்ணாத" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மங்கம்மா அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டுச் சோற்றை வடித்தாள். தகவல் போய், கோதண்டம் காசிமேட்டிலிருந்து வந்து படிக்கட்டில் நின்றிருந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாரே தவிர, மேலே ஏறவில்லை.

ஆவி பறக்கிற சோற்றைச் சுவரில் வைத்தாள். மேலே கருவாட்டை வைத்தாள்.

"வெற்றி" என்றாள். பிறகு, "கா... கா..." என்றாள்.

இரண்டாம் தரம் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கருவாட்டு வாசனை போன திசையிலிருந்தெல்லாம் காக்காய்கள் வந்து விழுந்தன. பத்து, இருபது, எண்ண முடியவில்லை. சூடு என்றும் பார்க்காமல், மனிதர்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு அள்ளின. நாற்பத்து சொச்சம் நாளாக மீன் வாசனை காணாத பறவைகள். அவற்றுக்கு நடுவே புகுந்து, ஒற்றைக்காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு வந்தது நொண்டி.

மங்கம்மா பார்த்துவிட்டாள்.

"அது கால்ல இன்னாடி?"

நர்மதா குனிந்து கூடையை ஓரமாக நகர்த்தினாள்.

"உன்னத்தான் கேக்கறேன். கால்ல இன்னா?"

"நூலு அத்த. வல நூலு. காசிமேட்டு காக்கா எல்லாத்துக்கும் இருக்கும் அத்த."

"எத்தினி நாளா வருது?"

"சித்திரைல இருந்து."

"தெனமுமா?"

"தெனமும்."

மங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். அப்போதுதான் அந்த ஓலம் அவளிடமிருந்து வந்தது. கீழே நின்ற லாரிக்காரர்கள் கூட அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஒரு மாசமா வாச வரைக்கும் வந்து வந்து நின்னானா! பச்ச நொய்ய வெக்க சொன்னேனேடி நானு! வேகவெச்சது கூடாதுன்னு சொன்னேனேடி, பாவி!"

"அத்த, அதுங்களுக்கு பசி அத்த. தடைக்காலம், துறைமுகத்துல ஒண்ணும் இல்ல. அதான் இப்டி துன்னுதுங்க. வேற இன்னாவும் இல்ல அத்த!"

"ஆமாண்டி, பசி. ஒரு வருசப் பசி. பாரு, எப்டி துன்றான் பாரு."

இத்தனை நாளும் அவன் வருவான் என்று சொல்ல அந்த வீட்டில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். ஊரே சிரித்தபோதும், கட்டிய புருஷன் தலையைக் குனிந்துகொண்டபோதும் அவள் ஒருத்தி வாயில்தான் வெற்றி உயிரோடு இருந்தான். அவளே கூப்பிட்டுச் சோறு போட்டுவிட்டாள். இனி நர்மதா நாளைக் காலையில் யாரை நம்பி பொட்டு வைப்பாள்?

சோறு தீர்ந்துவிட்டது. காக்காய்கள் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தன. மங்கம்மா தரையில் கிடந்தபடியே கையை நீட்டினாள்.

"தண்ணி ஊத்துடி. நல்ல தண்ணி. ஒரு வருசமா உப்புத்தண்ணில கெடக்கறான்."

எல்சி கொடுத்த அரைக் கேனில் சாம்பல் படிந்திருந்தது. நர்மதா அதைக் கொட்டி, கையால் தேய்த்துக் கழுவி, குடத்தைச் சரித்து விளிம்பு வரை ஊற்றினாள். நொண்டி நொண்டிக்கொண்டு வந்து குனிந்து குடித்தது. ஒரு மாதமாகப் பார்க்கிற காக்காய்தான், ஒரு விரல் சூம்பிய காக்காய். நர்மதா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

"போதுமா?" என்று கேட்டாள்.